வளையம் காட்டுவதாகச் சொன்ன தனக்கோடி அக்கா

மேடையில் இருக்கும் பெரியவர்களே, தனக்கோடி அக்காவின் வீட்டாரே, ஸ்ரீராம்புரம் தெருமுனை வானியல் மன்றத்துத் தோழர்களே, வேலை முடிந்த களைப்போடு வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் தெருக்காரர்களே, வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. சற்று முன் அக்கா படத்துக்குப் பூப்போட நீங்கள் வரிசையாக வந்தபோது, பழக்கதோஷத்தில் மைக்கைப் பிடித்து, “குழாயைத் தொடாதீங்க! ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க!” என்று கத்திவிட்டேன். அக்காவின் தம்பி முறைத்தார். என் மகள் மமதா தலையில் அடித்துக்கொண்டாள். என்ன செய்வது? பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதிய எனக்கு மன்றத்தில் கிடைத்த ஒரே பதவி, தொலைநோக்கி முன்னால் வரிசையைப் பார்த்துக்கொள்வது.

தொலைபேசி இலாகாவில் ஓய்வு வாங்கியும் ஓயாதவர் அக்கா. சந்திரயான் இறங்கிய மாலையில் சலூன் டிவியைத் தெருப்பக்கம் திருப்ப வைத்தவர் யார்? தனக்கோடி அக்கா! சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே விழாத அந்த நண்பகலில் நம்மை ரோட்டில் நிறுத்தி, காலடியைப் பார்க்கச் சொன்னவர் யார்? தனக்கோடி அக்கா! எனக்கு நிழலும் தெரியவில்லை, காலும் தெரியவில்லை. தொப்பை மறைத்துக்கொண்டது. சனியைப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும் என்று பயந்தவர்களிடம், “அது நம்மளப் பாக்குறதுக்குள்ள நாம அதைப் பாத்துடலாம், வாங்க” என்றவரும் அவரே.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வரிசையை யாரும் உடைக்கக்கூடாது. காரில் வந்து இறங்கும் பெரிய மனிதரும் கடைசியில்தான். அக்காவும் கடைசியில்தான். தொலைநோக்கிக் குழாயைத் திருப்பி வைப்பது மமதா. அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு விளக்கம் சொல்வார். எல்லோரும் பார்த்து அக்கா முறை வருவதற்குள் மேகம் வந்துவிடும், இல்லாவிட்டால் கிரகம் எதிர் அபார்ட்மென்டுக்குப் பின்னால் போய்விடும். “விடு ஜெயராமா, அப்புறம் பாத்துக்கலாம்” என்பார்.

போன நவம்பரில் சனியின் வளையம் பக்கவாட்டில் திரும்பி வெறும் கோடாகிவிட்டது. வரிசையே சண்டைக்கு வந்தது.

“இன்னா அக்கா, போன தபா ரிங் இருந்துச்சு. இப்ப வெறும் குண்டு!”

“ரிங் எல்லி மேடம்?” என்று கன்னடத்தில் தேடினார் இன்னொருவர்.

“தோசையை ஓரமாப் பாத்தா கோடுதானே தெரியும்? அடுத்த வருசம் வாங்க, விரிஞ்சிடும். நான் காட்டுறேன்.”

அத்தனை பேருக்கும் அதே பதில். டாக்டர் கைவிட்டது அக்காவுக்கு அப்போதே தெரியும். தொலைநோக்கியின் முக்காலியை மடிக்கும்போது என்னிடம் சொன்னார்: “தெருவுக்கே வாக்கு குடுத்துட்டேன் ஜெயராமா. நான் இல்லாட்டியும் நீங்க காட்டிடணும்.”

தோழர்களே, உண்மையைச் சொல்கிறேன், அசதியாக இருக்கிறது. பெங்களூர் மேகத்தோடு மாரடித்து, மாடி விளக்கை அணைக்கச் சொல்லிக் கதவு கதவாகக் கெஞ்சி, முக்காலி தூக்கித் தூக்கி முழங்கால் தேய்ந்துவிட்டது. அக்கா இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அந்த அசதியிடமும் வேலை வாங்கிவிடுவார். இனி யார் இருக்கிறார்? ஆனாலும் தொலைநோக்கி வைக்கும் நம் சனிக்கிழமைகள் நிற்காது. இந்த வருட மழை ஓய்ந்து, சனி மாலையில் கிழக்கே ஏறும்போது வளையம் விரிந்திருக்கும். மமதா குழாயைத் திருப்புவாள். நான் வரிசையைப் பார்த்துக்கொள்வேன். அக்கா கொடுத்த வாக்கு, நம் வாக்கு!

மைக்கில் இத்தோடு முடித்துக்கொண்டேன். இறங்கும்போது அக்கா படத்தைப் பார்த்து வாய்க்குள் சொன்னது இது: வளையம் காட்டும் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் சட்டத்தை மீறப்போகிறேன் அக்கா. முதல் ஆள் நீங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமோ பாருங்கள். வரிசையை நான் நிறுத்திவைக்கிறேன்.