அம்பு பார்த்த பக்கம்

— செருப்பைக் கழட்டச் சொன்னீங்க, கழட்டிட்டேன். காலைத் தொடைக்கச் சொன்னீங்க, தொடைச்சாச்சு. இனி அந்தப் படத்தைக் காட்டுங்க அம்மணி.

— அதான் ஆபீசர் வரட்டும்னு சொல்றேனுங்களே அக்கா. தண்ணி ஓட்டத்துக்குப் படம் போடற இந்த ஆபீசுல நான் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறவ. என் இஷ்டத்துக்கு எதையும் காட்ட முடியாதுங்க.

— உங்க ஆபீசர் எஸ்டேட் ஜீப்புல, மேனேஜர் பக்கத்துல உக்காந்துட்டுப் போறாரு. மஞ்சக்குட்டை பஸ்ஸை உட்டு எறங்கறப்பவே பாத்தேன். அவரு வந்து எனக்கு என்னத்தைக் காட்டப் போறாரு? நீங்க காட்டுங்க. மீனாட்சிதானுங்களே உங்க பேரு? வாசல்ல வாட்ச்மேன் சொன்னாரு.

— மீனாட்சிதானுங்க. நீங்க யாருன்னே இன்னும் சொல்லலையே?

— வெள்ளையம்மாள். சின்னத்தம்பி சம்சாரம்.

— எந்தச் சின்னத்தம்பி? எஸ்டேட்டுல காப்பிப் பழம் தோலுரிக்கிற மிஷின்ல இருந்தாரே, அவருங்களா?

— அவரேதான். பழம் கழுவுன தண்ணியத் தேக்கி வெக்கிற குழியத் தொறந்து உட்டு, லைன் ஊட்டுல இருக்கிற கூலிச் சனம் குடிக்கிற ஓடையக் கெடுத்துட்டாருன்னு பேரு வாங்குனவரு. வீராயி மவ அவராலதான் செத்தான்னு ஊரே சொல்லுது. முதல்ல சொன்னது ஊரில்லீங்க. உங்க படம்.

— உக்காருங்கக்கா.

— உக்காரறதுக்கு வரலீங்க. கார்த்திகை மழையில லைன்ல பாதிப் பேருக்கு வாந்தி. வீராயி மவளுக்கு வாயில நொரை தள்ளிருச்சு. சேலத்துக்குக் கொண்டு போறதுக்குள்ள, கொண்டை ஊசி வளைவுலயே மூச்சு நின்னு போச்சு. டாக்டரு தண்ணியிலதான் கோளாறுன்னாரு. எல்லாரும் எம்புருசனப் புடிச்சுக்கிட்டாங்க. குழி ரொம்பிருச்சு, மேனேஜர் சொல்லித்தான் மதகைத் தொறந்தேன், ஆனா அந்தத் தண்ணி நம்ம பக்கம் வராது, தெக்கால குப்பனூர்ப் பக்கந்தான் எறங்கும்னு அவரு கத்திப் பாத்தாரு. காப்பித் தண்ணி கலந்திருந்தா ஓடை நாறியிருக்குமேன்னாரு. மேனேஜர், நான் தொறக்கச் சொல்லவே இல்லைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. அப்பறம் உங்க ஆபீசர் வந்து நடு லைன்ல படத்தை விரிச்சாரு. குழியில இருந்து அம்பு அம்பா மேக்கால எங்க ஓடையப் பாத்துப் போவுது. கம்ப்யூட்டருக்கு ஆரு மேலயும் பகை கெடையாதுன்னாரு. அதோட தீந்துது.

— உங்க ஊட்டுக்காரரை அடிச்சதாக் கேள்விப்பட்டேனுங்க.

— அடிச்சாங்க. சட்டையெல்லாம் ரத்தத்தோட ஊட்டுக்கு வந்தாரு. நான் கதவைத் தொறக்கலீங்க. வீராயி பக்கத்து ஊடு. அவ அழுவுறது செவுத்துல கேட்டுட்டே இருக்குது, நான் எப்படித் தொறப்பேன்? படத்தை நானுந்தான் பாத்தேன். நானுந்தான் நம்புனேன். வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பறம் ஆளைக் காணோம். இன்னிக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை.

— இப்ப எதுக்குங்க அந்தப் படம்?

— நேத்து சந்தையில குப்பனூர்க்காரி ஒருத்தியப் பாத்தேன். அந்தக் கார்த்திகை மழையில இருந்து மார்கழி பூரா அவங்க ஓடை கறுப்பா வந்துதாம். நாத்தம் தாங்காம மாடு கூட வாய் வெக்கலையாம். எங்க ஓடைக்கு வந்த தண்ணி அங்க எப்படிப் போச்சு? சொல்லுங்க அம்மணி. அந்த அம்பை ஆரு வரைஞ்சது? ஆரு சொல்லி வரைஞ்சது?

— யாரும் சொல்லி வரையலீங்க. அது கையால வரையறதே இல்லை. மலையையே சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு வெச்சிருக்கோம். ஒரு கட்டத்தைச் சுத்தி எட்டுக் கட்டம். எந்தப் பக்கம் சரிவு அதிகமோ அந்தப் பக்கம் தண்ணி போவும். அதுக்கு ஒரு நம்பர் விழும். அந்த நம்பரைத்தான் அம்பாக் காட்டறோம்.

— சரிவு அதுக்கு எப்படித் தெரியும்?

— சர்வே படத்துல இருக்கிற உசரத்தை எல்லாம் நான் உள்ள ஏத்துனேனுங்க.

— அப்ப நீங்களும் இதுல கூட்டு.

— என்னையே சந்தேகப்படறீங்களா?

— கட்டுன புருசனையே சந்தேகப்பட்டவ நான். இனி ஆரை உட்டு வெக்கறது?

— சரி, இப்படி வாங்க. திரையைப் பாருங்க. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடமாவே எடுத்துக்கலாம். இதுதான் சேர்வராயன் கோயில் உச்சி. அங்க மழை பேஞ்சா தண்ணி எப்படிப் போவும்?

— எப்படிப் போவும்? நாலா பக்கமும் எறங்கும்.

— படமும் அதையேதான் காட்டும். பெரிசாக்கறேன், நீங்களே பாத்துட்டு நம்புங்க. இதோ கோயில். இதோ அம்பு.

— என்னம்மணி, மறுக்கா மறுக்காப் பெரிசாக்கறீங்க?

— சித்த இருங்கக்கா.

— எதை மறைக்கப் பாக்கறீங்க? நகருங்க, நானும் பாக்கறேன்.

— மறைக்கலீங்க. அம்பு எதுவும் கீழ எறங்கலை. கோயிலைச் சுத்தி வலம் வருது.

— தண்ணி எங்கயாச்சும் வலம் வருமா?

— வராது. இருங்க, உள்ள நம்பரைப் பாக்கறேன். கிழக்குன்னா ஒண்ணு, தெக்குன்னா நாலு. நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்குது. அப்ப அம்புலதான் தப்பு. அம்பு முதல்ல வடக்கைப் பாத்து நிக்குதுன்னு நெனைச்சுக் கம்ப்யூட்டர் அதைத் திருப்புது. ஆனா வரைஞ்சு வெச்ச அம்பே கிழக்கைப் பாத்து நிக்குது. அதனால எல்லா அம்பும் கால் வட்டம் கூடத் திரும்பிருச்சுங்க.

— வேணும்னேதானே திருப்பியிருக்காங்க?

— அப்படித் தோணலீங்க. மெட்ராஸ்ல இருந்து ஒருத்தரு வந்து அமைச்சுக் குடுத்துட்டுப் போனாரு. உங்க குழி ஒண்ண மட்டும் திருப்பியிருந்தா சந்தேகப்படலாம். மலை பூரா ஒரே மாதிரி திரும்பி நிக்குது. யாரும் சரி பாக்கலை. நானும் பாக்கலை.

— பாக்காமயே ஊருக்கு முன்னால விரிச்சுட்டீங்க.

— ஆமாங்க.

— இப்பச் சரி பண்ணுங்க. எங்கண்ணு முன்னாலயே பண்ணுங்க.

— பண்ணிட்டேன். அம்பை வடக்கு பாக்க வெச்சாச்சு. கோயிலைப் பாருங்க.

— எறங்குது. நாலா பக்கமும் எறங்குது. எங்க எஸ்டேட்டுக்கு வாங்க. குழி எங்க இருக்குது?

— இதுதான் குழி. இங்க இருந்து தெக்கால போவுது. இந்தப் பள்ளத்துல விழுந்து, இப்படியே குப்பனூர்ப் பக்கம்.

— அவரு சொன்ன மாதிரியே.

— அவரு சொன்ன மாதிரியேதானுங்க. அக்கா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. தண்ணி கொண்டாரட்டுங்களா?

— வேண்டாங்க. எனக்கு அழுவை வரலை. ஆத்திரந்தான் நொம்ப வருது. அவரு தொறந்து உட்டது அங்க போச்சுன்னா, வீராயி மவ எதைக் குடிச்சுச் செத்தா? எங்க ஓடையில ஆரோ என்னத்தையோ கலந்திருக்காங்க. பழியத் தூக்கி எம்புருசன் தலையில போட்டுட்டு ஒருத்தன் நிம்மதியாத் தூங்கிட்டு இருக்கான். அது ஆருன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுமா?

— ஆளைச் சொல்லாது. இடத்தைச் சொல்லும். ஓடைக் கட்டத்துக்குள்ள எந்த அம்பு வந்து விழுதுன்னு பாத்து, அதுக்குள்ள எது விழுதுன்னு பாத்து, எதிர்த்து மேல ஏறிட்டே போகலாம்.

— ஏறுங்க. மேனேஜர் பங்களாவுல போய் முட்டும் பாருங்க. அதுக்குத்தான் எல்லாரும் சேர்ந்து பூசி மெழுவறாங்க.

— பங்களாத் தண்ணி வேற சரிவுலீங்க, இதுல சேரலை. இது இந்தக் காப்பிக்காட்டு ஓரமாப் போவுது. இன்னும் மேல. ஒரு பாறை. பாறைக்கு மேல தனியா ஒரு சின்னக் கட்டடம். அதைத் தாண்டினா மேடு, தண்ணி அந்தாண்ட போயிருது. அப்ப இந்தப் பாறையில விழுற தண்ணி எல்லாம் நேரா உங்க ஓடைக்குத்தான் வரும். இது என்ன கட்டடம்னு தெரியுங்களா?

— மருந்துக் கொட்டாய்ங்க.

— என்ன மருந்து?

— காப்பித் தண்டைத் தொளைக்கிற புழுவுக்கு அடிக்கிறது.

— அது கடுமையான வெசமாச்சே. கார்த்திகையில அடிச்சாங்களா?

— அடிச்சாங்க.

— அடிச்சு முடிச்ச டின்னை எல்லாம் இந்தப் பாறையில வெச்சுத்தான் கழுவுவாங்களா? எந்த ஆளு கழுவுனதுன்னு தெரிஞ்சா, கூப்புட்டு விசாரிச்சுரலாம்.

— ஆரையும் கூப்புட வேண்டாங்க அம்மணி. டின்னு கழுவறது நாந்தான்.