தோப்புக்குள்ள பூந்து போற வண்டி

— எறங்குடி கலை. அண்ணன் சொல்றேன்ல, மொதல்ல வண்டிய வுட்டு எறங்கு.

— எறங்குறதுக்கா நெல்லிக்குப்பத்துலேர்ந்து ஓட்டிக்கிட்டு வந்தேன்? நீ நவுரு ண்ணா. வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு சால் ஓட்டணும்.

— இஞ்சின அணை. நீ பேசுறது ஒண்ணும் காதுல வுழல.

— அணைக்க மாட்டேன். பேட்டரி வீக்கா இருக்கு, அணைச்சா திரும்ப செல்ஃப் எடுக்காது. நீ கத்தி பேசு. உனக்குதான் அது பழக்கமாச்சே.

— கேட்டுக்க. இது என் முந்திரி தோப்பு. இதுக்குள்ள டிராக்டர் போவ வழி கெடையாது.

— வழி கெடையாதா? தோப்புக்குப் பின்னாடி கெடக்குற அம்மா நெலத்துக்கு வேற எந்தப் பக்கம் போறது, ஆகாசத்துலயா?

— இப்பதான் பூ வைக்கிற நேரம். நீ பாட்டுக்கு வுட்டு ஓட்டுனா கெள அத்தனையும் ஒடிஞ்சிடும்.

— அதுக்குதான் சின்ன வண்டியா பாத்து வாங்குனேன். பெரிய வண்டி வாங்க தெரியாம இல்ல. இது கெளைக்குக் கீழ பூந்து போவும். நான்தான் தலைய குனியணும். குனிஞ்சிக்கிறேன்.

— இது ஒரு வண்டியாடி? காயலாங்கடையில போட்டத பெயிண்ட் அடிச்சி உன் தலையில கட்டிட்டான். பொகைய பாரு, எப்படி கறுப்பா வருது. ஏர் கிளீனர் அடைச்சிருக்கு, கேட்டுக்க.

— நேத்துதான் கழட்டி டீசல்ல கழுவி, புது ஆயில் ஊத்தி மாட்டுனேன். நீ குறுக்க நிக்கிற, நான் ஆக்ஸிலேட்டர மிதிச்சிக்கிட்டு கெடக்குறேன். பொகை வராம பன்னீரா வரும்?

— எவன்கிட்ட வாங்குன?

— ஒரு கரும்பு வெவசாயி. ஆனா வண்டி கரும்பு இழுக்கல. வாழைக்கு நடுவுல களை ஓட்ட வச்சிருந்தாரு.

— அவன் சொன்னானா? நீயும் நம்பிட்டியா?

— நானா நம்புவேன்? மொத தடவ போறப்ப இஞ்சின தொட்டு பாத்தேன், சூடா இருந்துச்சி. நான் வரேன்னு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காரு. ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்துட்டேன். இன்னொரு நாளு சொல்லாம கொள்ளாம வெடிய போயி நின்னேன். சில்லுனு இருந்த இஞ்சினு, ஒரே அடியில எடுத்துச்சி. ஆயில் குச்சிய எடுத்து வெரல்ல தேச்சி பாத்தேன். பாலாட்டம் வெளுத்து இருந்தா உள்ள தண்ணி எறங்கிடுச்சின்னு அர்த்தம். வெளுக்கல. கிளட்ச் வழுக்குதான்னு மேட்டுல ஏத்தி பாத்தேன். பேட்டரி ஒண்ணுதான் சொத்த. அத சொல்லி வெலைய கொறச்சேன்.

— பெரிய மெக்கானிக்கு!

— துறைமுகத்துல மீன் லோடு அடிச்ச குட்டியானை வண்டிய எத்தினி வருஷம் நானே பாத்துக்கிட்டேன், மறந்துட்டியா? ஒரு நாளு வழியில நின்னுச்சா?

— அத வேற வெளிய சொல்லு. கதிர்வேல் தங்கச்சி மீன் வண்டி ஓட்டுறான்னு ஊரே சிரிச்சிச்சி. கல்யாணம் காட்சிக்குப் போனா நான் தலைய தூக்க முடியல.

— அவரு செத்து, நான் புள்ளைய தூக்கிக்கிட்டு உன் வாசல்ல வந்து நின்னப்ப, இடம் இல்லன்னியே, அப்ப உன் தலை எங்க இருந்துச்சி?

— பழசெல்லாம் கெளறாத.

— நீ ஏன் மீன் வண்டிய கெளறுன? அந்த மீன் வண்டிய வித்துதான் இத வாங்குனேன். ஆமா, உன் பெரிய வண்டி என்னா ஆச்சி ண்ணா? சொல்லேன், நான் கேக்கறேன்.

— வாய மூடு.

— புது வண்டி. ஊரே வந்து பாத்துச்சி. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி எறக்குன. ரேடியேட்டருக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்த உனக்கு நேரம் இல்ல. ஃபேன் பெல்ட்டு அறுந்தது தெரியாம ட்ரெய்லர இழுத்துக்கிட்டு சிதம்பரம் வரைக்கும் போன. இஞ்சினு சூடாயி இறுகிப் புடிச்சிக்கிச்சி. இப்ப புளிய மரத்தடியில கோவக்கொடி ஏறிப்போய் கெடக்குது. நீ எனக்கு வண்டி பாக்க சொல்லித் தரியா?

— அடிச்சேன்னா பல்லு தெறிச்சிடும்.

— அடி. அடிச்சிட்டாவது நவுரு.

— சரி, வண்டி நல்ல வண்டிதான். ஒத்துக்கறேன். ஆனா இப்ப அங்க உழ முடியாது. மழை வுட்டு கொஞ்ச நாளுதான் ஆவுது. மண்ணு ஈரம், டயரு புதைஞ்சிடும்.

— செம்மண்ணு ண்ணா. கையில எடுத்து புடிச்சா உதுந்துடும். மல்லாட்ட கடல வெதைக்க இதுதான் பதம்.

— கரண்டு கம்பி தாழ தொங்குது.

— நான் அதவிட தாழ ஒக்காந்துருக்கேன்.

— போரு ரிப்பேரா கெடக்குது. தண்ணிக்கு என்னா பண்ணுவ?

— உழுதுட்டு ரிப்பேர் பண்றேன். வேற என்னா? பாம்பு இருக்கா? பேய் இருக்கா? ஒண்ணொண்ணா சொல்லி முடி.

— அந்த நெலத்துல உனக்கு இன்னாடி பாத்தியத? அம்மா சாவறப்ப பாதி உனக்குன்னு வாயால சொன்னது ஒரு பேச்சா?

— வாயால சொல்லாட்டியும் எனக்குப் பங்கு உண்டு. அது அம்மாவுக்கு அவுங்க அப்பா குடுத்தது. அம்மாவுக்கு நீ ஒரு புள்ள, நான் ஒரு புள்ள. நான் ஒண்ணும் உன் தோப்ப கேக்கல. உன் வீட்ட கேக்கல. பாதிய உழுதுக்கறேன்னு சொல்றேன். மிச்ச பாதிய நீ தரிசா போட்டு வேடிக்க பாரு.

— ஏ, ஏ! முன்ன எடுக்காதடி!

— தள்ளி நில்லு ண்ணா. கால் மேல ஏறிடும்.

— ஏத்து! என் மேல ஏத்திட்டு போ! இந்தா, ஒக்காந்துட்டேன்!

— கிறுக்கு புடிச்சவன்! டயருக்கு முன்னாடி ஒக்காருறியே! எந்திரி! நான் கிளட்ச மிதிச்சிக்கிட்டு இருக்கேன், கால் வழுக்குனா நீ சட்னி!

— ஆவட்டும். மொதல்ல பிரேக்க போட்டு பூட்டு.

— பூட்டிட்டேன், பூட்டிட்டேன். ஐயோ, கம்பிய தொடாத! இஞ்சின அணைக்கிற ஸ்டாப் கம்பிய இழுக்காத!

— இழுத்துட்டேன். இப்ப எப்படி போவன்னு பாக்கறேன். கேக்குதா? எம்மாம் அமைதியா இருக்குது.

— பாவி. பேட்டரி எடுக்காதுன்னு சொன்னேன்ல.

— அதுக்குதான் இழுத்தேன்.

— ரொம்ப சந்தோஷப்படாத. மதகு மேட்டு மேலதான் நிக்கிறேன். பிரேக்க எடுத்து உருட்டி கிளட்ச வுட்டா தானா பத்திக்கும். நீ எதுர்ல குந்திக்கிட்டு இருக்கறதால பாக்கறேன்.

— நான் எந்திரிக்கறதா இல்ல.

— ஏங்க! இன்னாங்க இது கருமம்? ரோட்டுல ஆளுங்க சைக்கிள நிறுத்திட்டு பாக்குது! டயருக்கு முன்னாடி பிச்சைக்காரனாட்டம் குந்திக்கிட்டு!

— நீ எதுக்கு இங்க வந்த சந்திரா? வூட்டுக்குப் போ.

— வூட்டுல எப்படி இருக்கறது? சத்தம் அங்க வரைக்கும் கேக்குது. வந்துட்டாளா உங்க தங்கச்சி? மீன் நாத்தம் போறதுக்குள்ள டிராக்டரா? ஏம்மா கலை, எங்க தோப்புல வந்து எங்க ஆம்பளைய வண்டியில ஏத்தி கொல்ல பாக்கறியா?

— அண்ணி, உங்க ஆம்பளையதான் எந்திரிக்க சொல்லுங்க. நான் தோப்புல ஒரு எல கூட தொடமாட்டேன். நடு சந்துல போயி பின்னாடி நெலத்த உழுதுட்டு வந்துடறேன்.

— மல்லாட்ட போடறதுக்கா?

— ஆமா.

— அதுக்கா இந்த ரகள? ஏங்க, போட்டுட்டு போறா. வெறும் தரிசுதான அது? ஒரு மூட்ட நமக்கும் குடுப்பா. வுடுங்க.

— வுட முடியாது.

— ஏன்?

— முடியாதுன்னா முடியாது.

— உங்கள பாத்தா எனக்கு பயமா இருக்குது. வேர்வை இப்படி கொட்டுது. இன்னா பண்ணி தொலைச்சீங்க?

— சந்திரா, வூட்டுக்குப் போன்னு சொன்னேன்.

— போமாட்டேன். என் மூஞ்ச பாத்து சொல்லுங்க. பொழுதன்னிக்கும் ஃபோன் வந்தா கொல்லைக்கு போயி பேசுறீங்க. என்னா அது?

— நெலம் போயிடுச்சி.

— எந்த நெலம்?

— அம்மா நெலம். பேசி முடிச்சி கைய நீட்டி அட்வான்ஸ் வாங்கிட்டேன். பிளாட் போடறவங்க. பெரிய வண்டிக்கு வாங்குன கடன்ல ஃபைனான்ஸ்காரன் தெனம் வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்? வீட்டு வாசல்ல நாலு பேரு பாக்க கேப்பான். எனக்கு வேற வழி தெரியல. அங்க கல்லு நட்டாச்சி. வெள்ளை அடிச்ச கல்லு, வரிசையா. இவ வண்டிய வுட்டா எல்லாத்தையும் பாத்துடுவாளேன்னுதான்...

— அவ கையெழுத்து இல்லாம எப்படி?

— அத பொறவு எப்படியாவது வாங்கிக்கலாம்னு சொன்னாங்க.

— அங்கேர்ந்து ரோட்டுக்கு வழி? பிளாட்டுக்கு வழி இல்லாம எவன் வாங்குவான்? ஏங்க, வழி எப்படி குடுத்தீங்க?

— நீ வூட்டுக்குப் போ சந்திரா, பொறவு சொல்றேன்.

— தோப்புலயா? சொல்லுங்க. தோப்ப குடுத்தீங்களா?

— பாதி. மேக்கால பாதி மட்டுந்தான் சந்திரா.

— பாதி மட்டுந்தானா? புயல்ல அத்தினி மரமும் வேரோட சாஞ்சி கெடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? மறுபடி நட்ட ஒவ்வொரு முந்திரி கண்ணுக்கும் கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனது யாரு? தோள்பட்ட எலும்பு இன்னும் வலிக்குது எனக்கு. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? அவ கூடப் பொறந்தவ, அவள கேட்டீங்களா?

— கத்தாத. ஆளுங்க பாக்குறாங்க.

— பாக்கட்டும்! இப்ப பாக்கட்டும்! இன்னும் கிட்ட வந்து பாக்க சொல்லுங்க!

— கலை, நீயாவது ஏதாவது சொல்லு. திட்டணும்னா திட்டு. எதுக்கு இப்படி பாத்துக்கிட்டே ஒக்காந்துருக்க?

— எந்திரி ண்ணா. அண்ணி, நீங்க பின்னாடி வந்து ஒரு கை குடுங்க, வண்டிய உருட்டணும். அந்த வெள்ளைக் கல்ல நான் மழைக்கு முன்னாடியே பாத்துட்டேன். பாத்துட்டுதான் இந்த வண்டிய தேட ஆரம்பிச்சேன். கலப்பைக்கு அடியில சங்கிலி சுருட்டி வச்சிருக்கேன். மொதல்ல கல்ல புடுங்குறேன், மல்லாட்ட அப்புறம்.