வளைவில் அடிக்காத மூன்று ஹாரன்

நடந்ததை நடந்தபடியே, எனக்குப் பாதகமானதையும் விடாமல் எழுதுகிறேன். என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளிப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் தம்பியுடன் இறங்குகிறவள். அம்மா பக்கத்தில் இருக்க, காவல் நிலைய எழுத்தர் தந்த தாளில் நானே இதை எழுதுகிறேன்.

பேருந்து ஓட்டுநரை மூன்று வருடமாகத் தெரியும். நாங்கள் அவரை ஹாரன் மாமா என்றுதான் கூப்பிடுவோம். கருங்கரடி நடமாட்டம் தொடங்கியதிலிருந்து, எங்கள் நிறுத்தத்துக்கு முந்தைய வளைவில் அவர் மூன்று முறை ஹாரன் அடிப்பார். திடுக்கிட்ட கரடிதான் பாயும், சத்தம் கேட்ட கரடி தானே விலகிவிடும் என்பார். அதன் பிறகு பேருந்தை நிறுத்தி, நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை வீட்டுப் பாதை முழுவதும் தெரியும்படி முன்விளக்குகளைப் போட்டு வைப்பார். நாங்கள் ஓடக் கூடாது, பையில் தின்பண்டம் மிச்சம் இருக்கக் கூடாது, சத்தமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். பேச ஒன்றும் இல்லாத நாளில், "வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே போங்க. உங்களைவிடக் கரடிக்குக் கணக்குன்னா பயம்" என்பார். தம்பி பதினாறாம் வாய்ப்பாட்டை அந்தப் பாதையில்தான் கற்றான். எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்னால் வாசல்வரை நீண்டு போகும்.

கரடியைப் பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வந்தேன். பால்காரர், தபால்காரர், சித்தப்பா என்று பதினேழு பேர் பார்த்திருந்தார்கள். நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. தம்பி என்னைக் கரடி டாக்டர் என்று கேலி செய்வான்.

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி அளவில், வளைவுக்குச் சற்று முன்பு, வளைவை ஒட்டியிருக்கும் சித்தி வீட்டுக் கைக்குழந்தைக்குக் காலையிலிருந்து காய்ச்சல், இந்நேரம் தூங்கும், இன்று ஹாரன் வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அது பொய். குழந்தை அன்று ஊரிலேயே இல்லை. கரடியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார்.

அதன் பிறகு நாங்கள் இறங்கினோம். பேசாதே என்று தம்பிக்குச் சைகை காட்டினேன். இருபது அடி போனதும், பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் ஒரு தாய்க்கரடியும் குட்டியும் உதிர்ந்த பழங்களைத் தின்றுகொண்டிருந்ததைக் கண்டேன். தாய் நிமிர்ந்தது. தம்பி ஓடினான். அது அவனைத் துரத்தியது. ஓட்டுநர் பேருந்திலிருந்த தகரப் பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டு ஓடிவந்து நடுவில் நின்றார். கரடி அவருடைய இடது கையில் அறைந்துவிட்டுக் குட்டியோடு புதருக்குள் போனது.

ஹாரன் அடிக்க மறந்துவிட்டதாக அவர் விசாரணையில் சொல்லியிருக்கிறார் என்றும், அதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள் என்றும் நேற்று அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் மறக்கவில்லை. மூன்று வருடத்தில் ஒரு நாளும் மறந்ததில்லை. இப்போது வேறு ஓட்டுநர் வருகிறார். நல்லவர்தான். எங்களை இறக்கிவிட்டதும் வண்டியைத் திருப்பிவிடுகிறார். அப்பா டார்ச்சோடு வந்து நிற்கிறார். தம்பி வாய்ப்பாடு சொல்வதில்லை.

மேலே எழுதியது அத்தனையும் உண்மை. யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. கையொப்பம் இடுமுன் படித்துப் பார்த்தபோது ஒன்று விடுபட்டிருந்ததால் அதையும் சேர்க்கிறேன். அன்று அவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, "ஓடாதீங்க, நடந்தே போங்க" என்று எங்களை அனுப்பினார். தம்பி அழுதுகொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னான். அப்பா எங்களைத் தாண்டி அவரிடம் ஓடினார். வெளிச்சம் வாசல்வரை எங்களுக்கு முன்னால் இருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். அப்போதுதான் பேருந்தின் விளக்குகள் அணைக்கப்பட்டன.