பன்னிரண்டு நிமிஷக் கல்யாணம்

கரண்ட் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். கொசுவர்த்தியை நடுவில் வையுங்கள். சுவரோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். இது நம் கம்பெனி லைனில் வேலை பார்க்கும் சங்கரநாராயணனுடைய அத்தான் பேச்சிராஜுக்கு நடந்தது. கேட்டுவிட்டு மூலையில் இருக்கும் டிவியை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அது வேறு டிவி.

இரவு பன்னிரண்டு மணி. ஒரகடத்தைத் தாண்டி கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி ரூமுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். தெருவிளக்கு பாதி வழியோடு நின்றுவிடும். ஒரு பக்கம் ஏரிக்கரை. இன்னொரு பக்கம் பிளாட் போட்டுக் கல் நட்ட வெறும் நிலம். கன்டெய்னர் லாரி போனால் கண்ணெல்லாம் மண். அது போன பிறகு... ஒன்றும் இருக்காது. உங்கள் செருப்புச் சத்தம்தான் உங்களுக்குத் துணை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம், ஊரே பாதி நாள் இருட்டில் கிடந்த வருஷம். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து அந்தச் சாலையில் தினமும் இரண்டு பேர் நடப்பார்கள். ஒருவன் பேச்சிராஜ், வள்ளியூர்ப் பக்கம். இன்னொருவன் வனமாமலை, நாங்குநேரிப் பக்கம்.

இருவருக்கும் ஒரே லைன். கார் கதவுக்கு ரப்பர் பீடிங் அழுத்தும் வேலை. எட்டு மணி நேரம் நின்றபடியே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ரூமுக்கு வந்ததும் வனமாமலை முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பான். அந்த ரூமுக்கே ஒரு வாசனை உண்டு... ரப்பரும் தைலமும் கலந்த வாசனை. பன்னிரண்டே முக்காலுக்குப் பாயில் சாய்வான், பன்னிரண்டு ஐம்பத்தேழுக்குக் குறட்டை. பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் அவனால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. அப்படி ஒரு அசதி.

பேச்சிராஜ் செய்த தப்பு அந்த வைகாசியில் நடந்தது. வனமாமலையின் தங்கச்சி வேல்விழிக்குக் கல்யாணம். வனமாமலை ஒரு மாதம் முன்னாலேயே லீவு எழுதிக் கொடுத்திருந்தான். அந்த லைனில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் லீவு. அதே வாரம் பேச்சிராஜ் ஊரில் கோயில் கொடை. மூன்று வருஷமாக ஊர் முகம் பார்க்காதவன். அவனுடைய அப்பா வேறு அந்த வருஷம் சாமியாடப் போகிறார். என்ன தோன்றியதோ, சூப்பர்வைசர் அண்ணாதுரை முன்னால் போய் நின்று, அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு வாயைக் கழுவினால் போகுமா?

வனமாமலை தன் லீவு லெட்டரைத் தானே கிழித்தான்.

“நீ போல. அப்பா முக்கியம். தங்கச்சி கல்யாணத்த வீடியோவுல பாத்துக்கிடுதேன்.”

போனவன் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அந்த ஒன்றரை கிலோமீட்டரில் தினமும் ஒரு கேள்வி. “அப்பாவுக்கு இப்பம் எப்படில இருக்கு?” பரவாயில்லை என்பான் பேச்சிராஜ். “அடுத்த லீவுக்கு நானே போயி அவுகள ஒரு எட்டு பாத்துட்டு வாறேம்ல” என்பான் வனமாமலை. ஒவ்வொரு நாளும் ஏரிக்கரை வருவதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பேச்சிராஜ் நினைப்பான். ஏரிக்கரை வரும். போகும். சொல்லமாட்டான்.

ஆடியில் கல்யாண டிவிடி கூரியரில் வந்தது. ரூமில் பிளேயர் இல்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய டிவியின் பின்னால் பென் டிரைவ் சொருக இடம் இருந்தது. பேச்சிராஜ் தன் பென் டிரைவைக் கொடுத்தான். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. படப்பை பிரவுசிங் சென்டரில் அதில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முதல் தடவை இந்த ஃபைல் ஓடாது என்று டிவி கைவிரித்துவிட்டது. மறுபடி மாற்றிக்கொண்டு வந்ததும் ஓடியது. மொத்தம் இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். நடுவில் நிறுத்தினால் எங்கே நிறுத்தினோம் என்பதை அந்த டிவி ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை போடும்போது, விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று மணி, நிமிஷம், நொடியோடு கேட்கும். வனமாமலைக்குத் தோதான டிவி. தினம் பன்னிரண்டு நிமிஷம் தங்கச்சி கல்யாணம் பார்ப்பான். குறட்டை வந்ததும் பேச்சிராஜ் அவன் கையிலிருந்து ரிமோட்டை எடுத்து நிறுத்துவான்.

அந்தப் பென் டிரைவில் இன்னொரு வீடியோவும் இருந்தது. கொடையில் சித்தப்பா மகன் எடுத்தது, நாற்பத்தொரு நிமிஷம். நெஞ்சுவலிக்காரர் காலில் சலங்கை கட்டி, இரண்டு கையிலும் தீப்பந்தத்தோடு ஆடுகிறார். முன்னால் பேச்சிராஜ் சட்டையில்லாமல் குதிக்கிறான். மூலையில் தேதி. வேல்விழி கழுத்தில் தாலி ஏறிய அதே தேதி. அப்பா ஆடியதற்கு அது ஒன்றுதான் சாட்சி, அழிக்க மனசு வரவில்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு ஒளித்து வைத்திருந்தான்.

ஒரு மணி பதினாறாவது நிமிஷம் வரை பார்த்திருந்தான். மாப்பிள்ளை அழைப்பு முடிந்திருந்தது. அதற்கு மறுநாள் இரவு... வனமாமலை செத்துப்போனான்.

அன்று பேச்சிராஜை ஓ.டி.க்கு நிறுத்திவிட்டார்கள். வனமாமலை தனியாக நடந்தான். எந்த லாரி என்று கடைசிவரை தெரியவில்லை. ஏரிக்கரை ஓரம் கிடந்தானாம். நீல யூனிஃபார்ம் சட்டை கசங்கவே இல்லை, தூங்குகிற மாதிரி இருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

உடலோடு ஊருக்குப் போக வேண்டும் என்று பேச்சிராஜ் அழுதுகொண்டே லீவு கேட்டான். அண்ணாதுரை ரிஜிஸ்டரைப் புரட்டினார். “உங்க அப்பாவுக்கு முடியலன்னு இப்பதான எட்டு நாள் போய்ட்டு வந்த? லைன் எப்படிப்பா ஓடும்?” பொய் திரும்பி வந்து அவன் காலையே கட்டியது. உடலை ஏற்றிய வேன் போய்விட்டது. ரூமில் வனமாமலையின் பாயும் தைலப் புட்டியும் மிஞ்சின. ஊரில் அப்பாவுக்குத் தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வா என்பார் என்று அங்கேயும் சொல்லவில்லை. அந்தச் சாலையில் அந்த நேரத்தில் நடக்க முடியாமல், கேட்டு நைட் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டான். இரவு பதினொன்றுக்குப் போனால் காலையில்தான் வருவான்.

நாலாம் நாள் காலை, வீட்டுக்கார அம்மா கிளியம்மாள் படிக்கட்டில் மறித்தாள்.

“இன்னாப்பா பேச்சி, ட்யூட்டிக்குப் போவச்சொல்ல டிவிய நிறுத்திட்டுப் போவ மாட்டியா? நேத்து ராத்திரி பன்னண்டே முக்காலுக்கு நாயனம் கேட்டுச்சு. பூட்டுன ரூம்ல யாருக்குக் கல்யாணம் நடக்குது?”

தெருவில் எங்கேயாவது இருக்கும் என்று சொல்லிவிட்டு மேலே போனான். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தான். தைல வாசனை... புதுசாகத் தேய்த்த மாதிரி. சுருட்டி வைத்திருந்த பாய் விரித்துக் கிடந்தது. டிவி மேல் வைத்துவிட்டுப் போன ரிமோட் பாயில் கிடந்தது. டிவியைப் போட்டான். கல்யாண வீடியோவைத் தொட்டதும் டிவி கேட்டது, தொடரலாமா? ஒரு மணி இருபத்தெட்டு நிமிஷம்.

நமக்குத்தான் ஞாபகம் பிசகு என்று நினைத்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். மறுநாள் காலை பாய் விரித்திருந்தது. ஒரு மணி நாற்பது. அன்று இரவு பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சேரப்பணஞ்சேரி முழுக்கக் கரண்ட் இல்லை. காலையில் வந்து பார்த்தான். ஒரு மணி ஐம்பத்திரண்டு.

பயந்தானா என்றால், பயந்தான். ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடவில்லை. பாவி, செத்தும் இவனுக்குத் தூக்கம் தீரவில்லையே... பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியவில்லையே என்று பாயில் உட்கார்ந்து அழுதான். பென் டிரைவைப் பிடுங்கி எறிய ஒரு நொடி போதும். செய்யவில்லை. கல்யாணத்துக்குப் போகவிடாமல் கெடுத்தது தான்தானே, பார்த்துவிட்டாவது போகட்டும் என்று விட்டுவிட்டான். இவன் வீடியோவை ஓட்டிப் பார்ப்பதும் இல்லை. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவான். விட்ட இடம் மாறிப்போனால் வனமாமலை எங்கே என்று தேடுவான்?

இரண்டு மணி நாலு நிமிஷம். அங்கே மட்டும் இரண்டு நாள் எண் நகரவில்லை. மாப்பிள்ளைக்கு மச்சினன் மாலை போடுகிற இடம் அது. வனமாமலை நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பா மகன் நின்று போட்டிருந்தான். மூன்றாம் நாள் இரண்டு பதினாறு. பிறகு இரண்டு இருபத்தெட்டு. பிறகு இரண்டு நாற்பது.

அன்று காலைதான் பேச்சிராஜுக்குத் திக்கென்றது. ஒன்று முடிந்தால் அடுத்ததைத் தானாகவே போட்டுவிடுகிற டிவி அது. ஃபோல்டர், ஒளிவு மறைவு எதுவும் அதற்குக் கிடையாது. வீடியோ என்று எதைக் கண்டாலும் வரிசையாக ஓட்டும். கல்யாணம் முடிந்தால் அடுத்தது... கொடை.

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு படப்பைக்கு ஓடினான். அழித்துவிடலாம், அப்பா ஆட்டம் போனால் போகட்டும். பிரவுசிங் சென்டரில் கரண்ட் இல்லை. கடைக்காரர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் இரண்டுக்கு வரும் என்றார். இரண்டுக்கு வரவில்லை. நாலுக்கும் வரவில்லை. நைட் ஷிஃப்ட் பார்த்த உடம்பு, பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். கண் விழித்தபோது ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இரவு பத்தரை. டிவிக்குப் பின்னால் கையை நீட்டியபடி வெகுநேரம் நின்றான். பென் டிரைவை இன்று சொருகாமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் தீர்ந்தது. ஆனால் மிச்சம் இருப்பது பன்னிரண்டு நிமிஷம். வேல்விழி அழுதுகொண்டே கார் ஏறுகிற இடம் அது. அதையும் பறிக்க வேண்டுமா? கணக்குப் போட்டான். பன்னிரண்டு நிமிஷம் முடிகிற இடத்தில் வீடியோவும் முடிகிறது. வனமாமலை தூங்கிவிடுவான். எந்த நாள் தூங்காமல் இருந்திருக்கிறான்? காலையில் வந்ததும் அழித்துவிடலாம். அவனுடைய தூக்கத்தை நம்பி, பென் டிரைவைச் சொருகிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனான்.

லைனில் கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டியது. கட்டைவிரல் அது பாட்டுக்கு ரப்பரை அழுத்திக்கொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. “தூங்கிருல வனமாமலை... தூங்கிருல.” பன்னிரண்டு ஐம்பத்தேழு. ஒரு மணி. ஒன்றரை.

காலை எட்டே முக்காலுக்குப் படியேறினான். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்ததும் முதலில் மூக்குக்குத் தெரிந்தது... தைல வாசனை இல்லை. ரப்பர் வாசனை மட்டும். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் படம் அப்படியே நின்றிருந்தது. தீப்பந்த வெளிச்சத்தில் அப்பாவின் முகம், திரை நிறைய, சிரித்தபடி. அதன் அடியில் நிமிஷக் கணக்கு. நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று.

முழுசாகப் பார்த்திருக்கிறான். ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை.

பேச்சிராஜ் மூலையைப் பார்த்தான். பாயைக் காணவில்லை. தைலப் புட்டியும் இல்லை. கதவுக்குப் பின்னால், கொடிக்கயிற்றில், டிவிக்கு அடியில், எங்கேயும் இல்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததும் செல்ஃபோன் அடித்தது. ஊரிலிருந்து அப்பா.

“எய்யா பேச்சி... ஒங்கூட ரூம்ல இருக்க புள்ள வந்திருக்காம்யா.”

சேரப்பணஞ்சேரிக்கும் அந்த ஊருக்கும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல்.

“வெள்ளன அஞ்சு மணி இருக்கும், கதவத் தட்டுனான். நீலச் சட்டை. தைல வாடை அடிச்சிது. ‘அப்பா, நெஞ்சுவலி எப்படி இருக்கு’ன்னு கேட்டான். எனக்கு ஏதுய்யா நெஞ்சுவலி, கல்லு மாதிரி இருக்கேம்லா, யாரு சொன்னான்னு கேட்டேன். எம் மொகத்தையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தான்.”

ஃபோனில் சேவல் கூவுகிற சத்தம் கேட்டது. அம்மா பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது.

“பெறவு அசதியா இருக்கு, கொஞ்ச நேரம் படுக்கட்டுமான்னான். பாய் எடுக்கப் போனேன். வேண்டாம், எங்கிட்டயே இருக்குன்னு சொல்லிட்டு, கொண்டாந்த பாய நடு வீட்டுல விரிச்சுப் படுத்தவன்தான். இன்னும் எந்திரிக்கல. ஒங்கம்மா போட்ட காப்பி ஆறிப்போச்சு.”

அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எழுப்பட்டுமாய்யா?”