மேலே நடக்கும் என்கொயரி

நெமிலிச்சேரியில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இருவரும் நீலச் சட்டை போட்ட கம்பெனி ஆட்கள். சனிக்கிழமைக் காலை. பனியில் ஜன்னலுக்கு வெளியே ஊரே இல்லை.

"மேல என்கொயரி நடந்துகினு கீது மாமே," என்றார் ஒல்லியானவர்.

"மேலன்னா, மேனேஜர் ரூம்லயா?"

"பரலோகத்துல. எங்க அட்வென்ட் சபைல சொல்லுவாங்க. நூறு வருஷத்துக்கு மேல நடக்குது. மொதல்ல செத்தவங்க, அப்பால உயிரோட கீறவங்க. ஒவ்வொரு பேரா எடுத்து பாவக் கணக்கு பாப்பாங்க."

"உன்னிய கூப்ட்டு கேப்பாங்க இல்ல? கம்பெனிலயே கூப்ட்டுத்தானே கேக்கறாங்க."

"கூப்ட மாட்டாங்க. முடிஞ்சாலும் நமக்குத் தெரியாது."

பருமனானவர் சிரித்தார். "அப்டி ஒண்ணும் இல்லன்னு வெளிநாட்ல உங்காளு ஒருத்தர் சொன்னாருன்னியே?"

"சிலுவையிலயே எல்லாம் முடிஞ்சிதுன்னார். ஊழியத்துலேர்ந்தே தூக்கிட்டாங்க."

"அவருக்காவது கூப்ட்டு என்கொயரி வச்சாங்களா?"

ஒல்லியானவர் சிரிக்கவில்லை. "சனிக்கெழம எங்களுக்கு ஓய்வுநாள். அதுல ஷிப்டுக்கு வர்றது இதான் மொத தபா. வரலன்னா வேல பூடும். இன்னிக்கின்னு பாத்து என் பேர எடுத்தா?"

அம்பத்தூரில் பருமனானவர் முதலில் இறங்கி, பனிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "சாமுவேலு, வா, டைம் ஆச்சி."

ஒல்லியானவர் அவசரமாக இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"இன்னிக்கி மட்டும் பேரச் சொல்லிக் கூப்டாத மாமே."