பேரைக் கேட்டாலே அணையும் மெஷின்

— அப்பம் கரண்டுல கோளாறு இல்லைங்கியா, தம்பி?

— கரண்டு சுத்தமா இருக்கு, வல்லிநாயகம் அண்ணாச்சி. திருநெல்வேலியில இருந்து மீட்டரைத் தூக்கிட்டு வந்து நாலு தரம் பாத்தாச்சு, பாத்துக்கிடுங்க.

— பின்ன ஏன் அணையுது? ஊரார் ஜாதகத்தைப் போட்டா பத்துப் பொருத்தமும் படபடன்னு அடிச்சுத் தள்ளுது. எம்மவ குழல்வாய்மொழி பேரைப் போட்டா மட்டும் டப்புனு அணைஞ்சு, பொறவு ஒண்ணும் தெரியாத மாதிரி எந்திரிச்சு முழிக்குது. பதினோரு மாப்பிள்ளை போயிட்டான், தம்பி!

— அணைஞ்சா என்ன? திருப்பிப் போட வேண்டியதுதானே.

— நல்லா சொன்னே, கனி தம்பி! பொருத்தம் பாக்கையில மெஷின் அணைஞ்சா அது சாமி விளக்கு அணைஞ்ச மாதிரில்லா. மாப்பிள்ளை வீட்டுக்காரவ செருப்பைத் தேட ஆரம்பிச்சிருதாவ. மூணு வருசத்துக்கு முன்ன, எண்பத்தாறுலயே தென்காசியில கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டவன் நான். மெஷின் சொன்னா சொன்னதுதான்னு ஊரெல்லாம் நானேதான் சொல்லி வச்சிருக்கேன். வாசுதேவநல்லூர்ல இருந்து வாரவ சூடம் கொண்டுட்டு வாராவ.

— அதான் கீபோர்டுல கரி ஒட்டியிருக்கா?

— அணையாம இருக்க என்னவெல்லாம் செஞ்சேன்! கிழக்கே பாத்துத் திருப்பி வச்சேன். ஸ்டெபிலைசர் வாங்கினேன், அதுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டினேன். குத்தாலத்துச் சாரல் உள்ள வருதோன்னு சன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டேன். கடைசியில, வாங்குன நேரத்தை வச்சு மெஷினுக்கே ஜாதகம் எழுதிப் பாத்தேன். ஏழரைச் சனி நடக்கு, தம்பி.

— அந்த ஜாதகத்தை யாரு கணிச்சா?

— இதேதான் கணிச்சுது. தனக்குன்னா அணையவே இல்ல, கேட்டியா!

— அப்பா, கனி சாருக்குக் காப்பி கொண்டாந்திருக்கேன். குடிச்சிட்டு அவரு மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கட்டும். பாவம், எம்புட்டு நேரம் தேடுவாவ.

— ஏட்டி குழலு, நீ சும்மா இரி. ராயகிரி மாப்பிள்ளை வீட்டுக்காரவ அருவியில குளிச்சிட்டு நாலு மணிக்கு இங்கன வாராவ. பொருத்தச் சீட்டு கையில வந்தாத்தான் தாம்பூலம் மாத்துவோம்னுட்டாவ. இந்தத் தடவையும் அணைஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்.

— போன மாப்பிள்ளைக்கும் இதையேதாம்ப்பா சொன்னிய.

— அண்ணாச்சி, கொஞ்சம் இங்கன வாங்க. கரண்டும் இல்ல, சனியும் இல்ல. பொருத்தம் பாக்குத புரோகிராமுக்குள்ள யாரோ நாலு வரியை ஒளிச்சு வச்சிருக்காவ. லிஸ்டுல இருக்குத பேரு வந்தா மெஷினை அணைச்சு எழுப்புன்னு எழுதியிருக்கு, பாத்துக்கிடுங்க.

— காசி விசுவநாதா! லிஸ்டா? எம்மவ பேரு மட்டும் இல்லையா?

— லிஸ்டு பெருசு. அடிப்பக்கம்தான் இப்பம் தெரியுது. கீழ இருந்து வாசிக்கேன். கோமதியம்மாள், வடகரை.

— கோமதியா? அவளுக்கு அணைஞ்சப்ப கரண்டு போயிட்டுன்னுல்லா நெனச்சேன், அவ அப்பன் வீரபாகு என் தோள்ல சாஞ்சு அழுதானே!

— கோமதிக்கு இருபது வயசுப்பா. மாப்பிள்ளைக்கு நாப்பத்தொண்ணு.

— உன்னையாட்டி கேட்டேன்? நீ வாசி, தம்பி.

— ரெங்கம்மாள், வாசுதேவநல்லூர்.

— அவளுக்கு பி.எஸ்ஸி. இன்னும் ஒரு வருசம் இருக்கு.

— பிருஹதாம்பாள், தென்காசி.

— பிருஹதாவுக்கு மாப்பிள்ளையப் பிடிச்சுத்தான் இருந்துது. மாமியாரைத்தான் பிடிக்கல.

— ஏட்டி... இதெல்லாம் உனக்கு எப்பிடித் தெரியும்?

— நான்தாம்ப்பா எழுதினேன்.

— அடிப்பாவி! பத்துப் பொருத்தம் போடப் படிச்சிட்டு வான்னு மதுரைக்கு ஆறு மாசம் அனுப்பினா, எம் மெஷினுக்கே வெசம் வச்சிருக்கியே!

— வேற என்ன செய்ய? கல்யாணம் ஆயிட்டா மெஷின் பக்கமே போகக்கூடாதுன்னு ராயகிரிக்காரவ வரைக்கும் வந்தவ எல்லாம் சொல்லும்போது நீங்களும் தலையை ஆட்டினிய. எனக்கு இதைத் தவிர ஒண்ணுமே பிடிக்கலப்பா. மொத மாப்பிள்ளை வந்தப்ப வாயைத் திறந்து வேண்டாம்னேன், நீங்க கேக்கல. மெஷின் சொன்னா உடனே கேக்கிய.

— அண்ணாச்சி, நான் அழிச்சிரட்டுமா? ரெண்டு நிமிச வேலை.

— அழி! ஒரு பேரு விடாம அழி! நாலு மணிக்கு எம் மெஷின் நிமிந்து நிக்கணும்.

— இரிங்க. குழல்வாய்மொழிக்கு மேல, லிஸ்டுக்கே மொதப் பேரா, இன்னும் ஒண்ணு இருக்கு. உலகம்மாள், தென்காசி. பிறந்தது முப்பத்துமூணுல. ஐம்பத்தாறு வயசுல யாருக்கு அண்ணாச்சி மாப்பிள்ளை பாக்காவ?

— உலகம்மாளா? அந்த நாற்காலியை இங்கன இழு, தம்பி.

— அண்ணாச்சி? ஏன் உக்காந்துட்டிய? தண்ணி வேணுமா?

— அது எம் பொண்டாட்டி, தம்பி.

— அல்லாவே! தெரியாமக் கேட்டுட்டேன் அண்ணாச்சி. நான் வேணா வெளிய நிக்கேன்.

— ஏட்டி குழலு, உங்கம்மா பேரு இங்கன எதுக்கு?

— உங்க அறுபதாம் கல்யாணத்துக்கும் இந்த மெஷின்ல பொருத்தம் பாத்துட்டுத்தான் மண்டபம் பிடிப்பேன்னு ரெண்டு வருசமா சொல்லிட்டு அலையுதியல்லா. "இந்தத் தடவையாவது என்னை ஒரு வார்த்தை கேக்கட்டும்ட்டி"ன்னு அம்மா சொன்னா.

— அப்பம் நீ உனக்குன்னு எழுதினதுல, உங்கம்மாவும் வந்து சேந்துக்கிட்டாளா?

— இல்லப்பா. அம்மாவுக்குத்தான் எழுதினேன். நாங்க எல்லாரும் பொறவு சேந்தோம்.