ஒரு லோடு ஓடியதும்

எங்கள் பட்டறைக்கு எதிரே பீர் மைதீன் போடுகிற டீ நன்றாக இருக்கும், ஐயா. வண்ணார்பேட்டைப் பக்கம் வந்தால் குடித்துப் பாருங்கள். வேதமுத்துவுக்கு மட்டும் சீனி போடாமல் கருப்பட்டி போட்டுக் கொடுப்பார். அந்தக் கருப்பட்டியை வேதமுத்துவே உடன்குடியிலிருந்து கொண்டுவந்து அங்கே ஒரு டப்பாவில் வைத்திருந்தான். இன்னும் முக்கால் டப்பா மிச்சமிருக்கிறது.

என் பெயர் காந்திமதிநாதன். லாரி, வேன், பிக்கப் வண்டிகளுக்குப் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பிளேட் கட்டுவது தொழில். இருபத்தெட்டு வருடமாகச் செய்கிறேன். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதால் வண்டி நிலைதவறி மரத்தில் மோதி வேதமுத்து இறந்தான் என்று உங்கள் ஸ்டேஷன் காகிதத்தில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது சரியில்லை. செத்தவன் மேல் இல்லாத பழி நிற்கக் கூடாது. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

வேதமுத்து வாரம் ஒரு தடவை உடன்குடியிலிருந்து தன் பிக்கப்பில் கருப்பட்டிச் சிப்பம் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி வருவான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பின்பக்கத்தில் ஒரு பிளேட் உடையும். நேரே என்னிடம் வருவான். வேலை முடிய மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் கவிழ்த்துப் போட்ட ஒரு டிரம்மில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பான். அவன் பேச்சில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வழியில் பார்த்த சண்டை, செய்துங்கநல்லூரில் வாங்கின மீன், யாருக்கோ வந்த மாப்பிள்ளை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வேலை முடிந்ததும் இரண்டு பேரும் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளிப்போம். ஈரத் துண்டோடு திரும்பி வந்து டீ குடிப்போம். ஏழு வருடம் இப்படிப் போனது. எனக்கும் வீடு உண்டு, மனைவி உண்டு. அங்கே சொல்லும்படி ஒன்றும் இல்லை.

போன வருடம் அவன் கல்யாணம் செய்துகொண்டான். அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. பெண் பார்த்தது, பேசி முடித்தது எதுவும் எனக்குத் தெரியாது. நான் பட்டறையில் இல்லாத நேரத்தில் வந்து, என்னிடம் வேலை செய்யும் பிச்சைக்கண்ணுவின் கையில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கவரின் மேல் என் பெயரை வேறு யாரோ எழுதியிருந்தார்கள். பெண்ணின் கையெழுத்துதான்.

அவள் பெயர் சாரம்மாள். உடன்குடியில் கருப்பட்டிச் சரக்கு வைக்கும் ஒரு கிட்டங்கியில் எடை பார்த்துக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு லோடு வரும் நாளெல்லாம் அவளும் கூட வர ஆரம்பித்தாள், வண்டியில் இடது பக்கத்து சீட்டில். வேதமுத்துவின் வாயில் மூச்சுக்கு மூச்சு சாராதான். ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வண்டி ஓட்டக் கூடாது என்று சாரா சொல்கிறாளாம். அதோடு குளியல் நின்றது. பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டும் என்று சாரா சொல்கிறாளாம். டீயும் நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

இந்த மாதம் முதல் வாரம் இடது பக்கத்துப் பிளேட் மறுபடி உடைந்தது. இரண்டு பேரும் வந்தார்கள். அவள் டிரம்மில் உட்காரவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்.

"அண்ணாச்சி, இதே பாரம்தான் எங்க அண்ணன் வண்டியும் ஏத்துது. ரெண்டு வருசமா அதுல ஒரு பிளேட்டும் உடையல. இதுல மட்டும் ஏன் உடையுது?"

ரோடு அப்படி என்று வேதமுத்து சொன்னான். நானும் அதையே சொன்னேன். உண்மையான காரணம் வேறு. இத்தனை வருடமாக அவனுக்கு நான் புதுப் பிளேட் போட்டதே இல்லை. உடைக்கப் போட்ட லாரிகளில் கழற்றின பழைய பிளேட்டை வெட்டி, வளைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கட்டிவிடுவேன். சரியாக இரண்டு மாதம் தாங்கும். காசுக்காகச் செய்யவில்லை. வேறு யாருக்கும் அப்படிச் செய்ததும் இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் அவன் வராமல் இருப்பது எனக்குச் சரிப்படவில்லை, அவ்வளவுதான்.

இனி உடையாதபடி கூட இரண்டு பிளேட் வைத்துக் கனமாகக் கட்டச் சொன்னான் வேதமுத்து. செய்யலாம் என்றேன். பாரம் இறக்கிவிட்டு வெறும் வண்டி திரும்பும்போது தூக்கித் தூக்கிப் போடாதா, அடி முழுக்க சேசிசுக்குத்தானே போகும் என்று அவள் கேட்டாள். சரியான கேள்வி. அப்படியானால் உடைந்த பக்கத்தை மட்டும் மாற்றுவோம் என்றேன். ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசும் இருந்தால் வண்டி சாய்ந்து நிற்கும், இரண்டு பக்கமும் மாற்றுங்கள் என்றாள். அதுவும் சரி. உள்ளே போய்ப் பிளேட்டுகளை எடுத்துவந்து அடுக்கினேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து விரல் நகத்தால் பெயிண்டைச் சுரண்டினாள். மூன்றாவதில் பெயிண்டுக்குக் கீழே பழைய துருவின் குழி இருந்தது.

அதைத் தனியே எடுத்துச் சுவரோரம் சாத்தி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வேதமுத்துவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. சொல்லாமல் விட்டாள் என்றால் மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம். எனக்கும் வேதமுத்துவுக்கும் நடுவில் உள்ள ஒன்றை மன்னிக்க அவள் யார்?

கடைசியில் கம்பெனி அளவிலேயே, இரண்டு பக்கத்துக்கும் புத்தம் புதிய செட் எடுத்தோம். அவள் தேர்ந்தெடுத்ததுதான். அதைவிட நல்ல செட் இந்த ஊரில் கிடையாது. வேதமுத்து என் தோளைத் தட்டிச் சிரித்தான்.

"லே காந்தி, இன்னியோட ஒனக்கு என் தொல்ல விட்டுதுலே. ரெண்டு வருசத்துக்கு இங்கன வரவே வேண்டியதில்லன்னு சாரா சொல்லுதா."

அவன் அதைச் சந்தோஷமாகச் சொன்னான், ஐயா.

தொழிலில் ஒரு விஷயம் உண்டு. பிளேட் அடுக்கைச் சக்கர அச்சோடு சேர்த்துப் பிடித்திருப்பது யூ போல்ட். புதுப் பிளேட் ஒரு லோடு ஓடினால்தான் ஒன்றோடு ஒன்று படியும். படிந்ததும் போல்ட் கொஞ்சம் தளரும். அதைத் திரும்ப இறுக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பாரத்தோடு அச்சு நகர்ந்துவிடும். அதற்காகவே பட்டறைச் சுவரில் பலகை எழுதி மாட்டியிருக்கிறேன்: ஒரு லோடு ஓடியதும் போல்ட் இறுக்க வரவும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்வேன்.

கிளம்பும்போது சாரம்மாள், "திரும்ப ஏதும் பாக்க வரணுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. இனி வரவே வேண்டாம்" என்றேன்.

அன்று அந்தப் பலகையின் மேல் என் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அது தற்செயல். வழக்கமாகக் கதவுக்குப் பின்னால் உள்ள ஆணியில்தான் மாட்டுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போல்ட் முடுக்குவது பிச்சைக்கண்ணுவின் வேலை. அன்று அவனைச் சாப்பிட அனுப்பிவிட்டு நானே முடுக்கினேன். வலது பக்கத்தை, ஸ்பேனரில் குழாய் மாட்டி, உடம்பின் பாரம் முழுவதும் கொடுத்து இறுக்கினேன். இடது பக்கத்தைக் கை நின்ற இடத்தில் விட்டுவிட்டேன். களைப்பாக இருந்தது. இடது பக்கம் அவள் உட்காரும் பக்கம்.

லோடு வரும் நாள் வியாழக்கிழமை. அடுத்த வியாழன் பத்து மணிக்கு நான் பீர் மைதீனிடம் இரண்டு டீ சொன்னேன், ஒன்றில் கருப்பட்டி போட்டு. அவளுக்குக் கையோ காலோ அடிபடும், பயந்துபோய் இனி வண்டியில் ஏற மாட்டாள், வேதமுத்து தனியாக வருவான். அவ்வளவுதான் நான் நினைத்தது. அவள் செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு முறை தோன்றியது. ஒரே ஒரு முறைதான்.

பத்தரைக்கு லாரி டிரைவர் சங்கிலிபூதத்தான் வந்து வண்டியை நிறுத்தினான். கருங்குளம் தாண்டி இந்தப் பக்கம், எதிரே வந்த மாட்டுக்கு வேதமுத்து பிரேக் போட்டானாம். வண்டி ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தில் மோதிவிட்டதாம்.

"டிரைவர் பக்கந்தான் நசுங்கிட்டு அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்குக் கை மட்டுந்தான்" என்றான்.

டீ இரண்டும் பெஞ்சில் இருந்தன. என்னுடையதைக் குடித்தேன். ஆறிவிடும் என்று அவனுடையதையும் குடித்தேன்.

நேற்று சாரம்மாள் கையில் கட்டோடு பட்டறைக்கு வந்தாள். சட்டை இப்போது பழைய ஆணியில் இருக்கிறது. பலகையை நின்று படித்தாள்.

"எல்லாரையும் வரச் சொல்லுவீகளாம்லா. எங்களுக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்று கேட்டாள். இன்றைக்கு இங்கே ஸ்டேஷனுக்கு வரப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் காலையிலேயே வந்தேன். வேதமுத்துவைப் பற்றி அவள் சொல்லி நீங்கள் எழுதுவதைவிட, நான் சொல்லி எழுதுவதுதான் முறை. அவள் அவனோடு இருந்தது ஒரு வருடம்.

பிளேட் ஒன்றும் உடையவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இடது பக்கத்துப் போல்ட் தளர்ந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது இடது சக்கரம் பின்னுக்குப் போகும். வண்டி வலது பக்கம் இழுக்கும். இதைப் பிச்சைக்கண்ணுவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. வலது பக்கத்தைத்தான் தளர்த்தி விட்டிருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் நான் செய்த பிழை அது ஒன்றுதான், ஐயா.